நாலும் அஞ்சும்

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் ஏழரை முதல் எட்டரை.
காலண்டர் தாளைக் கிழித்து
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார் நந்தீசப்பா,
வேகமானிக்கு மேலே.

கெலமங்கலம் சாலை. ரோஜா வளர்த்த பசுமைக்குடிலில்
தாளைப் பிடுங்கித் தகரம் போட்ட கொட்டகை.
ஆறு வருடம் அவரும் நீலாம்பிகையும்
மரச்சட்டம் ஒட்டி, துணி இழுத்துக் கட்டி,
பசை காயும்வரை கடலையெண்ணெய் டின்களைப் பாரம் வைத்துச்
செய்த விமானம். எஞ்சின் மட்டும் வாங்கியது.
ஏழு சிலிண்டர், ஒரே தட்டைச் சுற்றி
உட்கார்ந்த ஏழு பேர் மாதிரி.
உச்சியில் ஒன்று. அடியில் நாலும் அஞ்சும்.

மற்ற ஆறு நாளும் நான் சிப்காட்டில்
லாரி வால்வுக்கு கைடு கடைகிறேன்.
ஏழாவது நாள் இங்கே,
இடைவெளி அளக்கிற தகடுகளோடு.
வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே
தலைமுடி நாலைச் சேர்த்த கனம்.
இறுகினால் எரியும். தளர்ந்தால் தட்டும்.
தட்டினால்கூடப் பரவாயில்லை,
சொல்லிவிட்டுச் சாகும்.

அஞ்செட்டியிலிருந்து வேன் வந்துவிட்டது.
சக்கரத்தடியில் எலுமிச்சை.
மூக்கில் சந்தனம். காற்று போகிற வழியை அடைத்து
என்னைக் கேட்காமல் ஒரு சாமந்தி மாலை.
கழற்றினேன். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

சாவி அணைந்திருக்கிறதா, இரண்டு தடவை பார்த்தேன்.
பிளேடைப் பிடித்துச் சுற்றினேன். ஒன்று.
இரண்டு.
மூன்றில் நின்றது.

காற்றை அமுக்கினால் கை மெல்ல உதைபடும்,
மெத்தையில் விழுந்த மாதிரி.
இது மெத்தையில்லை.

மாருதப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.
"ட்ராக்டர்னா ரெண்டு பேர் சேந்து ஒரு தள்ளு.
இல்லேன்னா பின்னாடி சுத்தி எடு."
"கையை எடுங்க."

பின்னால் சுற்றினால் எண்ணெய்
உறிஞ்சு குழாயில் போய் ஒளிந்துகொள்ளும்.
எஞ்சின் பிடித்ததும் திரும்பி வரும்.
காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது.
ராடு வளையும். இன்றைக்கு உடையாது,
வேறொரு நாள்,
தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கு மேலே.
இதையெல்லாம் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்தேன்.

அடிப் பிளக்குகளைக் கழற்றினால்
நாலிலிருந்து ஒரு வடிசல்.
அஞ்சிலிருந்து
தீர்த்த டம்ளர் நிறைந்து வழிந்தது.
வேறு பாத்திரம் கைக்கு அகப்படவில்லை.
நீலாம்பிகை பார்க்காத மாதிரி இருந்தார்.

இவ்வளவு வரக் கூடாது.
போன ஞாயிறு நானே வடித்து,
எண்ணெய் டேங்க் வால்வை மூடி,
பதிவேட்டில் எழுதியது.
வால்வைப் பார்த்தேன். திறந்திருந்தது.
நந்தீசப்பாவைப் பார்த்தேன்.
அவர் காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி," என்றார் கடைசியில்.
"அஞ்சே நிமிஷம், சௌடேஸ்வரி.
சத்தம் கேக்கணும்போல இருந்துச்சு."

நான் கோபப்பட ஆரம்பித்து, அது பாதியில் எங்கோ போய்விட்டது.
எனக்கும் சில ராத்திரி கேட்கிறது,
சிப்காட் ஷிஃப்ட் பஸ்ஸில்.

பதிவேட்டை நீட்டினேன். எழுதினார்:
வெள்ளி. ஐந்து நிமிடம். வால்வு மூடவில்லை.
கையெழுத்து, கிரையப் பத்திரத்தில் போடுவதுபோல
அப்பா பெயரோடு முழுசாக.

நல்ல நேரம் போனது. இட்லியும் தீர்ந்தது.
பத்து மணிக்கு மேல்தான் பிடித்தது.
முதலில் மூன்று, அப்புறம் ஐந்து, நீலப் புகை,
பிள்ளைகள் இருமிக்கொண்டே கைதட்டினார்கள்.
அணைத்ததும் குழாய் குழாயாய்த் தொட்டுப் பார்த்தேன்.
ஆறில் விரல் சுட்டது.
அஞ்சில் வைத்த விரலை
எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்குப் பறக்கலை," என்றேன்.
மாருதப்பா தேங்காயைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வேன் போன பிறகு
நசுங்காமல் கிடந்த எலுமிச்சையை எடுத்து
இரண்டாக அறுத்துக் கையில் தேய்த்தேன்.
எஞ்சின் கறைக்கு அதுதான் கேட்கும்.
மறு பாதியை நந்தீசப்பாவிடம் நீட்டினேன்.
அவர் கையில் கறை எதுவும் இல்லை.
வாங்கிக்கொண்டார்.