கீழ்க்குரல்

கொலம்பஸ் நகரத்துக்கு நூற்றுப்பத்து மைல்.
சபையின் பழைய வேனில் பதினோரு பேர்.
ஹீட்டர் வேலை செய்வது முன்னிருக்கைக்கு மட்டும்.
ஓட்டியது நான்.
பக்கத்தில் போதகர் மார்கிட் ஹேகன்
கழுத்தின் வெள்ளைப் பட்டையைத் தடவியபடி:
"இதோடு கைதாவது இதுதான் முதல் தடவை, மெர்ல்.
கசங்காமல் இருக்கட்டும்."

பின்னால் ஒடெஸா ப்ரூயிட்.
ஒரு நாள் இன்சுலினை இரண்டு நாளாக்கத் தெரிந்தவள்.
வழியெல்லாம் தூங்கினாள்,
வாய் லேசாகத் திறந்திருக்க.

எங்கள் ஊரில் முப்பது வருடமாக
கிறிஸ்தவன் என்றால் ஒரே கட்சி.
மாற்றி ஓட்டுப் போட்டதை
மனைவிக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன்.
அவளும் அதையே ஒளித்து வைத்திருந்தாள் என்பது
போன வருடம்தான் தெரிந்தது.
அன்றிரவு அடுக்களையில் நின்று
வெகுநேரம் சிரித்தோம்.

சட்டசபைத் தாழ்வாரம். குளிர்ந்த பளிங்கு.
மருத்துவ உதவியை வெட்டும் மசோதா
கதவுக்கு அந்தப் பக்கம்,
மண்டியிட்ட நாங்கள் இந்தப் பக்கம்.
நிஜ மெழுகுவர்த்திக்கு அனுமதி இல்லை என்பதால்
பேட்டரியில் எரிவது கொண்டுபோயிருந்தோம்.
என்னுடையது ஜெபம் முடியும் முன்பே அணைந்தது.
செனட்டர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
ஒருவர் மட்டும் "மன்னிக்கவும்" என்று சொல்லித்
தாண்டிப் போனார்.

மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு
என்னிடம் வந்த காவலர் கார்லண்ட் ஸ்டப்ஸ்.
பத்தொன்பது வருடமாகப் பாடகர் குழுவில்
என் இடப்பக்கம் நிற்பவன்.
கண்ணாடியை எப்போதும் காரில் மறந்துவிடுவான்,
பாட்டுப் புத்தகத்தை அவன் கண்ணருகே பிடிப்பது என் வேலை.
"எழுந்திருங்கள், ஐயா" என்றான்.
என்னை அவன் ஐயா என்றதே இல்லை.
என் முழங்கால் எழவில்லை, தூக்கிவிட்டான்.
மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டையை இறுக்கும்போது
ஒரு விரல் நுழைய இடம் விட்டான்.

மசோதா இரண்டு ஓட்டில் விழுந்தது.
அதன் பிறகு தொலைபேசி ஓயவில்லை.
மெதடிஸ்டுகள், மென்னனைட்டுகள்,
ஓட்டப்பந்தயச் செருப்பு போட்ட
மூன்று கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள்.
கோடைக்குள் நாற்பத்தொரு வேன்.
"இயக்கம்" என்று முதலில் சொன்னது யார் என்று
எனக்குத் தெரியாது.
அந்தச் சொல் வந்த மறுவாரம்
அதை அச்சடித்த டீ-ஷர்ட் வந்தது.

பிறகு வேட்பாளர் வந்தார், கேமராவோடு.
பிரசங்க மேடையில் ஐந்து நிமிடம் கேட்டார்.
நிலவறையில் இரண்டு மணிநேரம் சண்டை போட்டோம்.
"அவர்கள் முப்பது வருடம் செய்தார்களே" என்றார் பொருளாளர்.
"அதற்காகத்தானே வெளியே வந்தோம்" என்றார் மார்கிட்,
காபி ஆறிப்போய்.
மேடை கிடையாது என்று முடிவாயிற்று.
வியாழக்கிழமை இலவசச் சாப்பாட்டில்
பாத்திரம் கழுவலாம்.
வந்தார். கையை மடித்துவிட்டார்.
மூன்று தட்டு கழுவும்வரை கேமரா சொடுக்கியது.
நாலாவது தட்டை
ஒடெஸாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.
அவருக்காக இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு
போன் செய்தேன்.
ஜெயித்தார்.
அந்த இரவின் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன்.
கொஞ்சம் பயமாகவும் இருந்தது;
எதிர்க்கட்சிக்காரர் பேச வந்தபோது
நானும் கூச்சலிட்டேன்,
சபைக் கூடத்தில், சிலுவைக்குக் கீழே.

ஒடெஸா இப்போது முழு ஊசி போடுகிறாள்.
வேறு எதைச் சொன்னாலும்
இதை முதலில் சொல்ல வேண்டும்.

கார்லண்ட் வருவதில்லை.
நெடுஞ்சாலையோரத்துப் பெரிய தேவாலயத்துக்குப் போகிறான்.
பெட்ரோல் பங்கில் பார்த்தேன்.
கோபம் இல்லை அவனுக்கு.
"வாரத்தில் ஒரு நாளாவது, மெர்ல்,
நான் எந்தப் பக்கம் என்று
யாரும் கேட்காத இடம் வேணும்."
அந்த இடத்தில் கேட்கமாட்டார்களா
என்று நான் கேட்கவில்லை.
பம்பில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.
டேங்க் நிறைந்தது. போய்விட்டான்.

பாட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.
புதிதாக இருபது பேர், முன்னைவிடச் சத்தம்.
அவன் பாடிய வரியை நானே பாடிப் பார்க்கிறேன்,
அவ்வளவு கீழே என் தொண்டை இறங்காது.
புத்தகம் மட்டும் இன்னும்
இடப்பக்கமே சாய்கிறது.