விரல் நீட்டும் வேலை

சுகுணன் இதுவரை பதினாலு முறை கடலில் விழுந்திருக்கிறான்.
விழுந்தான் என்பது ஒரு மரியாதைக்கு.
தள்ளிவிடுவது சமையல்காரன் வல்சலன்.
சாக்கு, தேங்காய்நார், கிழிந்த நீலச் சீருடை;
ஊறினால் எழுபது கிலோ.
பெயர் வைத்ததும் வல்சலன்தான்,
மச்சினன் பெயராம்.

"ஆள் கடலில்! வலப்பக்கம்!"
ஒலிபெருக்கி மூன்று முறை கத்தும்.
கடைசியில்தான் சொல்லும், இது பயிற்சி என்று.
மிதவை பறக்கும். புகைக்குப்பி பறக்கும்.
முக்குளிப்பவன் இடுப்பில் கயிறு முடிவான்.
தன் வாலைத் தேடும் நாய்போலக்
கப்பல் வளையும்.
எனக்கு ஒரே வேலை:
கம்பியருகே நின்று சுகுணனைச் சுட்டுவது.
ஓடக் கூடாது. உதவக் கூடாது.
மூக்கு அரித்தால் அரிக்கட்டும்.
கடலில் ஒரு தலை என்பது ஒரு தேங்காய்,
அடுத்த அலைக்கு அதுவும் இல்லை.
கப்பல் திரும்பத் திரும்ப
என் கை எதிர்த்திசையில் திரும்பும்,
"கண்டோம், இறக்கு" என்று
மேலிருந்து குரல் வரும்வரை.

போன மாதம் பொழியூருக்கு நேரே போட்டோம்.
ஆறு நிமிடம் நாற்பது வினாடி.
கேரளத்தில் விழுந்தவனை
நீரோடிக்கு நேரே எடுத்தோம்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
விரலுக்கு மேலே எங்கள் கோயில் கோபுரம்.
பார்க்கவில்லை. இருந்திருக்கும்.

விடுப்பில் வந்த திங்கட்கிழமை
கடலரிப்புக்குப் போட்ட கல்மேல் நிற்கிறேன்.
ஊர் முடிகிற இடம்;
அடுத்த கடையின் பலகை மலையாளம்.
அலைக்கு அப்பால் கறுப்பாய் ஒன்று
எழுந்தது, அமிழ்ந்தது, எழுந்தது.
நான் தூக்கவில்லை. கை தானே போயிற்று.

மெற்றில்டா அக்கா மீன் சருவத்தைக் கீழே வைத்தாள்.
புயலில் போன சேசையாவின் பெண்சாதி.
நாகர்கோவிலில் ஒரு நாள்,
திருவனந்தபுரத்தில் ஒரு நாள்,
"எந்த எல்லையில் காணாமல் போனார்?"
என்று கேட்டவர்களுக்கு
ஜன்னல் வழியே கடல் இருந்த பக்கம் கை காட்டியவள்.
இப்போது என் தோளுக்குப் பின்னால் வந்து
ஒரு கண்ணை மூடி
என் விரல் வழியே பார்த்தாள்.
மூச்சு காதில் பட்டது.
எவ்வளவு நேரமோ,
கடிகாரம் கப்பலில் இருக்கிறது.

"மண்ணெண்ணெய்க் கேன்டே அது," என்றாள்.
"கையத் தாத்து."

தாழ்த்தினேன்.
கேன் வடக்கே பொழியூர்ப் பக்கம் நகர்ந்தது.
சருவத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்தும்
அவள் குனியவில்லை,
கண்ணை எடுக்கவில்லை.