வரிகள் தனி

ஜவ்வரிசி மண்டியில் பதினேழு வருஷமாக
மற்றவர்கள் எழுதிய விலையைப் பிரித்துப் படிக்கிறவள் நான்.
மூட்டைக்கு நாலு ரூபாய் குறைத்தவன்
எடையில் அதை எங்கே எடுப்பான் என்று
கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
ஆனாலும்
கன்னங்குறிச்சியில் என் மொட்டைமாடிக்கு வந்த
மூன்று விலைப்புள்ளிகளை
மூன்று இரவாகப் பிரிக்கிறேன், மடிக்கிறேன்.

முதலாவது ஐந்து ரோட்டிலிருந்து.
வழவழத் தாள். அட்டையில்
ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறது.
மூன்று கிலோவாட்,
மானியம் போக ஒரு லட்சத்து முப்பத்திரண்டு.
தலைமேல் ஒரு நட்சத்திரக் குறி.
அதைத் தேடிக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போனால்
எறும்பு எழுதிய எழுத்தில்:
வரிகள் தனி, தாங்குசட்டம் தனி,
எர்த்திங் தனி, மீட்டர் தனி.
சூரியன் மட்டும் சேர்த்தி.
"இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொன்னாத்தான் மேடம் இந்த ரேட்டு"
என்றார் நித்யானந்தன்.
வெயில் நாளைக்கும் அடிக்குமே தம்பி என்றேன்.
"வெயில் அடிக்கும் மேடம், ரேட்டு இருக்காது."

இரண்டாவது வாட்ஸாப்பில் வந்தது.
ஆள் வரவில்லை, மாடி ஏறவில்லை.
ஆகாயத்திலிருந்து எடுத்த என் வீட்டின் படத்தில்
நீலக் கட்டங்கள் ஆறு ஒட்டியிருந்தார்கள்.
அதில் ஒன்று
மேற்கு வீட்டு அற்புதராஜின் தண்ணீர்த்தொட்டி மேல்
உட்கார்ந்திருந்தது.
பேனல் எந்தக் கம்பெனி என்று கேட்டேன்.
"நல்ல கம்பெனி"
என்று பதில் வந்தது, கூப்பிய கைகளோடு.

மூன்றாவது
கிச்சிப்பாளையத்து ஷாகிரா.
ஸ்கூட்டியில் ஏணி வராதென்று
என் ஏணியைக் கேட்டாள்.
மின்கட்டண அட்டையைக் கேட்டாள்.
ஒரு வருஷத்து யூனிட்டைக் கூட்டிவிட்டு
ஜூனில் ஏன் இந்தக் குதி குதித்தது என்றாள்.
பரீட்சைக்குப் படிக்க வந்த அக்கா மகனையும்
அவன் அணைக்காத ஏ.சி.யையும்
சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு மாடியில் சும்மா நின்றாள்.
இரண்டு மணி. இரண்டரை. மூன்று.
டீயோடு ஏறிப் பார்த்தால்
தரையெல்லாம் சாக்பீஸ்.
தொட்டியின் நிழல் ஊர ஊர
அரைமணிக்கு ஒரு கோடு.
நாலேகாலுக்கு
சேர்வராயன் மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் இறங்கி
எல்லாக் கோடுகளையும் ஒரே நிழலாக்கியது.
"இதையும் கணக்குல வைக்கணும்க்கா."
வேறெவரும் எழுதாத வரி.

அவள் தந்தது கோடு போட்ட நோட்டுத் தாள்.
இரண்டு கிலோவாட் போதும்.
"மூணு போட்டா எனக்கு லாபம், உங்களுக்கு அலங்காரம்."
ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டு, எல்லாம் சேர்த்து.
"மானியம் உங்க கணக்குக்கு வரும்க்கா.
அதைக் கழிச்சுக் காட்டி
என் விலையை அழகாக்க மாட்டேன்."

சின்னதுக்குப் பெரிய விலையா?
பழக்கம் விடுமா,
எட்டாயிரம் குறை என்றேன்.
அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள்.
"எதை அடிக்கட்டும்னு நீங்களே காட்டுங்க.
இடிதாங்கியா? துருப்பிடிக்காத போல்ட்டா?
அஞ்சு வருஷம் நான் வந்து பாக்குறதா?"
மண்டியில் என் மேஜைக்கு எதிரே
இப்படி யாரும் உட்கார்ந்ததில்லை.
பேனா கொஞ்ச நேரம் என் கையில் இருந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்று
திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு
கைலியோடு மாடிக்கு வந்த வீட்டுக்காரர்,
தரையைப் பார்த்து என்ன குந்தியிருக்கே என்றார்.
விலைப்புள்ளியைச் சரிபார்க்கிறேன் என்றேன்.
நிழல் வந்து
அவள் போட்ட கோட்டுக்கு
அரை விரல் தள்ளி நின்றது.

போன் போட்டேன்:
உன் கோடு தப்பு, அரை விரல்.
சிரிப்பு கேட்டது, பின்னால் டிரில்லிங் சத்தம்.
"ஒரு வாரம் ஆச்சேக்கா,
சூரியனும் நகரும்ல?"

முன்பணம் எவ்வளவு என்றேன்.