ஒன்றிலிருந்து ஏழு வரை

வால்பரைசோவில் ஆகஸ்ட் மழை.
மலைச்சரிவின் தகரக் கூரைகள் எல்லாம்
ஒரே நேரத்தில் பேசுகின்றன.
சமையலறை மேசையில் முப்பத்தொரு படிவங்கள்,
பிள்ளைக்கு ஒன்றாக.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

பிள்ளைகள் முன்னுக்கு வருவது
கணக்கால் இல்லை, குணத்தால் என்று
சந்தியாகோவில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.
ஆகவே குணத்துக்கும் இனி மதிப்பெண்.
ஒன்றிலிருந்து ஏழு வரை.
நான்கு எடுத்தால் தேர்ச்சி.

முப்பது பேரை முடித்துவிட்டேன்.
பத்தாவது படிவத்துக்குப் பிறகு
பொய் சுலபமாக வருகிறது.
மிச்சம் யாஸ்னா உவெனுல், வயது பதினொன்று.

நேரந்தவறாமை:
தினமும் இருபது நிமிடம் தாமதம்.
இழுவை ரயில் மார்ச்சில் பழுதாகி நின்றதிலிருந்து
தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு
இருநூற்றுப் பதினாறு படி இறங்கி
காப்பகத்தில் விட்டு
மறுபடி ஏறி வருகிறாள்.
படிவத்தில் படிகளுக்கு இடமில்லை.
இரண்டு போட்டேன்.

விடாமுயற்சி:
பின்னக் கணக்கை அழித்து அழித்து
தாளே கிழிந்துவிடும்.
புதுத்தாள் கேட்க மாட்டாள்.
ஓட்டையைச் சுற்றி எழுதுவாள்.
விடை பெரும்பாலும் தப்பு.
ஐந்தா, ஆறா?

வியாழக்கிழமைத் தேர்வில்
பக்கத்து இருக்கை ரெனாட்டோ வாந்தி எடுத்தான்.
வகுப்பே மூக்கைப் பொத்தியது.
நானும் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.
இவள்தான் அவனைக் குழாயடிக்கு நடத்திப் போனாள்.
சட்டையை அலசிப் பிழிந்து
தன் ஸ்வெட்டரை மாட்டிவிட்டுத்
திரும்பியபோது பத்து நிமிடம் பாக்கி.
கணிதம்: மூன்று புள்ளி இரண்டு.
சிவப்பு மையில் எழுதியது நான்தான்.

நேர்மை.
இங்கேதான் பென்சில் நிற்கிறது.
போன வாரம் உணவறையில் இரண்டு ரொட்டி குறைந்தது.
அவள் பை புடைத்திருந்தது.
"நான் எடுக்கலை டீச்சர்" என்றாள்,
இமை கொட்டாமல்.
அவ்வளவு நேராக
என்னை யாரும் பார்த்ததில்லை.

ஒன்று எழுதினேன், அழித்தேன்.
நான்கு எழுதினேன், அழித்தேன்.
ஏழு என்று எழுதி
எனக்கே சிரிப்பு வந்து, அதையும் அழித்தேன்.
கட்டம் கிழிந்து
மேசையின் மரம் தெரிந்தது.

அலுவலகத்தில் கேட்டால் புதுப் படிவம் தருவார்கள்.
கேட்கப் போவதில்லை.
ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில்
எழுத ஆரம்பித்தேன்:
படிகள். ஸ்வெட்டர். ரெனாட்டோவின் ஈரச் சட்டை.

ரொட்டியை எழுதவில்லை.
அது நேர்மையா என்று
எந்தப் படிவமும் என்னைக் கேட்காது.

மழை விடவில்லை.
படிகள் வழுக்கும்.
நாளைக்கு அரைமணி நேரம் தாமதமாகும் அவளுக்கு.