ஆறடி

கனமான ஈயக் குப்பியைத் திறந்து
இடுக்கியால் எடுத்துத் தந்தான் அந்தப் பையன்.
ஒரு குளிசை. பனடோல் போலத்தான்.
தந்துவிட்டுக் கதவுவரை பின்னால் போய் நின்று
விழுங்கச் சொல்லிக் கையால் காட்டினான்.

வின்னிபெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
குகநேசன் காரோட்ட
பின்சீற்றின் மற்றக் கரையில்
கோட்டைத் திறந்துவிட்டபடி நான்.

அந்த வருடம் முழுக்க எனக்குக் குளிரே இல்லை.
ஜனவரியில் யன்னல் திறந்தேன்.
இரவு இரண்டு மணிக்குக்
குசினி அலுமாரிகளை ஒவ்வொன்றாய்க் கழுவினேன்.
"மெலிஞ்சு நல்ல வடிவாய் வந்திட்டீர்,
என்ன செய்யிறீர்?" என்று கேட்டா கோயிலில் ஒரு அக்கா.
ஒன்றும் செய்யவில்லை அக்கா,
கழுத்துக்குள் ஒன்று என்னைத் தின்கிறது என்று சொல்லவா?
சிரித்தேன்.
உள்ளங்கையில் இருந்த புக்கை நடுங்கிக் கொட்டியது.

ஆரணியின் கணக்குக் கொப்பியை
இரண்டாய்க் கிழித்ததும் அந்த வருடம்தான்.
ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு பிழை. அவ்வளவுதான்.
டொக்டர் பிறகு சொன்னார்,
கோபமும் இந்த வருத்தத்தின் குணம்தானாம்.
ஆறுதல்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது.
ஆனால்
கிழித்தது சுரப்பியின் கையல்ல.

ஐந்து நாள்.
கீழறை, தனிப் படுக்கை, தனிக் கோப்பை, தனித் துவாய்.
கக்கூசுக்கு இரண்டு தரம் தண்ணீர் அடிக்க வேண்டும்.
பிள்ளையை இரண்டு மீற்றருக்குள் விடக் கூடாது.
"ஆறடி" என்று தமிழாக்கினார் குகநேசன்,
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதின்மூன்று வயதில் எனக்குத் தந்த மூலை
ஞாபகம் வந்தது. அப்போதும் ஒரு தட்டு, ஒரு பாய்.
ஏன் என்று கேட்டு அடி வாங்கினேன்.
இப்போது காரணத்தை அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்,
அரைவாழ்வுக் காலம் உட்பட. எட்டு நாளில் பாதி.
இருந்தும் உடம்புக்கு
அந்த வித்தியாசம் விளங்கவில்லை.

ஆரணி அளவுநாடா கொண்டுவந்து
நிலத்தில் நீல டேப் ஒட்டினாள்.
"நான் இங்கால. நீங்க அங்கால."
ஒன்பது வயது. சட்டம் போடும் குரல்.
சோற்றுத் தட்டைக் கோட்டில் வைத்துவிட்டு
மேலே ஓடி, ஐந்தாம் படியில் இருந்து
நான் சாப்பிடுவதைப் பார்த்தாள்.
"இருட்டில நீங்க மினுங்குவீங்களா?"
லைட்டை நூர்த்துப் பார்த்தோம்.
இல்லை. அவளுக்கு ஏமாற்றம்.
"கொஞ்சம்" என்றாள் பிறகு, எனக்காக.

அந்த இருட்டில்தான் கேட்டேன், கொப்பியைப் பற்றி.
"அது பழசம்மா" என்றாள்.
பழசு என்றுதான் சொன்னாள்.
மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

பிறகு நூர்ந்த அடுப்பானேன்.
ஓகஸ்டில் ஸ்வெட்டர். சீப்பில் கொத்தாய் மயிர்.
புருவத்தின் கரைகள் காணாமற்போயின.
பாண் பெட்டிகளை எண்ணும்போது
எழுபதுக்குப் பிறகு என்ன என்று நின்றுவிடுவேன்.
கோயிலில் அதே அக்கா:
"கொஞ்சம் உடம்பு வைச்சிட்டீர்."
அவவுக்கு நான் எப்போதும் ஒரு தராசு முள்.

வெள்ளைக் குளிசை, பிறகு ஊதா, இப்போது மஞ்சள்.
விடிய நாலரைக்கு, வெறுவயிற்றில்.
பிறகு ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை.
அந்த நேரம் முழுக்க
இன்றைக்கு எழும்பியிருப்பவள் யார் என்று பார்க்கிறேன்.
ஜனவரியில் யன்னல் திறந்தவளா,
ஓகஸ்டில் விறைத்தவளா.
இரண்டு பேருக்கும் முந்தியவளின் முகம்
பழைய பாஸ்போட்டில் இருக்கிறது.
அவளும் என்னை அடையாளம் காணாத மாதிரித்தான் பார்க்கிறாள்.

நீல டேப்பை எப்போதோ உரித்தாயிற்று.
பசை போகவில்லை. தூசு பிடித்துச்
சாம்பல் கோடாய்க் கிடக்கிறது.
உடுப்புத் தோய்க்க இறங்கும்போதெல்லாம் ஆரணி
அதை மிதிக்காமல் தாண்டுகிறாள்.
ஏன் என்று நான் கேட்பதில்லை.

கேத்தில் கொதித்துவிட்டது.
இன்னும் பதினொரு நிமிடம்.