கழிக்க: நூற்றிருபது சதுர அடி

நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை.
அளவுப் புத்தகத்தில் பத்திகள் அவ்வளவுதான்.
மேலூரணிக்காட்டுப் பள்ளியின் ஒற்றை வகுப்பறையை
இருபதுக்கு முப்பது என்று எழுதி முடிக்கையில்
மழை பிடித்துக்கொண்டது.

தகரக் கூரை.
முதலில் யாரோ ஒரு கைப்பிடி மிளகை எறிந்தாற்போல.
பிறகு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினார்கள்.
ஜெசிந்தா டீச்சரின் வாய் அசைந்தது.
ஏழெட்டு என்றாரோ ஏலக்காய் என்றாரோ.
பழகியவர்,
சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் முதுகு திரும்பியதும்
இருபத்து மூன்று பிள்ளைகளும் கத்த ஆரம்பித்தார்கள்,
ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்,
வீட்டில் சொன்னால் அடி விழும் சொற்களையெல்லாம்.
கடைசி பெஞ்சில் ஒருவன் கத்தவில்லை.
கூரையைப் பார்த்து
ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.
எனக்கு உதடு படிக்கத் தெரியாது.
தெரியாததே நல்லது.

நான் வந்த காரணம் கோப்பில் இருக்கிறது:
‘மழைக்காலத்தில் பாடம் நடத்த இயலவில்லை.’
தீர்வும் இருக்கிறது:
உள்கூரை, தென்னைநார்ப் பலகை, அரை அங்குலம், மரச்சட்டம்.

மழை விட்டதும் மேகம் ஜன்னலேறி உள்ளே வந்தது.
எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லாத வெளிச்சம்,
கஞ்சித் தெளிவு போல.
வடக்குச் சுவர் கருங்கல்; வியர்த்திருந்தது.
தெற்கே போன திட்டத்தில் கட்டிய சிமென்ட் பிளாக்.
கை தட்டிப் பார்த்தேன்.
கல் திருப்பிக் கொடுத்தது.
பிளாக் வாங்கி வைத்துக்கொண்டது.
பரிசோதனை என்று தெரியாத பிள்ளைகள்
எனக்காக எல்லோரும் தட்டினார்கள்.

‘மிஸ், அந்தத் தகடை மூடிடாதீங்க’ என்றாள் யாழரசி.
கூரையின் நடுவே ஒரே ஒரு ஃபைபர் தகடு,
பாசி பிடித்தது.
வெயில் நாளில் அதன் வழியே விழும் துண்டு
தரையில் நகர்ந்து நகர்ந்து
மூன்றாவது பெஞ்சின் காலைத் தொட்டால்
முட்டை வரும் நேரம்.
சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.
சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலம் வந்தேன்.
என் அலுவலகத்தில் டியூப்லைட்டின் சோக் முனகும்,
காலையும் மாலையும் ஒரே நிறம்.
கண்ணாடித் தடுப்புக்குள்
யாரும் குரலை உயர்த்துவதில்லை, தாழ்த்துவதுமில்லை.
வெளியே மழை என்பது
வாட்ஸ்அப்பில்தான் தெரியவரும்.
அங்கே உட்கார்ந்துதான் வரைபடம் போட்டேன்.
தகடுக்கு நேர் கீழே ஒரு சதுரம் திறப்பு.
கதவை ஒட்டி ஆறடி
உள்கூரை இல்லை.

‘ஏம்மா ஆறடி விட்டிருக்கீங்க?’
‘காற்றோட்டம் சார்.’
மலை மேலே, ஐப்பசியில், காற்றோட்டம்.
அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்.
ஒப்பமிட்டார்.

வேலை முடிந்து அளக்கப் போனதும் மழையில்தான்.
உள்ளே
டீச்சர் எச்சில் விழுங்குவதுகூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது.
பலகைக்கு மேலே மழை
பக்கத்து எஸ்டேட்டில் பெய்வது போலிருந்தது.
பிள்ளைகள் புதுச்சட்டை போட்டவர்கள் மாதிரி
விறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
எனக்கே கொஞ்சம் குற்றவுணர்ச்சி.

இடைவேளை மணி.
ஒருவரும் வெளியே ஓடவில்லை.
கதவோர ஆறடிக்குள் இருபத்து மூன்று பேரும்
நெருக்கியடித்து நின்று, அண்ணாந்து,
கத்தினார்கள்.
அந்தப் பையனும் போனான்,
எல்லோருக்கும் பின்னால், மெதுவாக.
அவன் வாய் அசைவது தெரிந்ததும்
நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு
வேறு பக்கம் திரும்பினேன்.

உள்கூரை: முப்பது பெருக்கல் இருபது.
கழிக்க: ஆறு பெருக்கல் இருபது.
தகட்டுத் திறப்பு தனி.
கோ. தில்லைக்கரசி, உதவிப் பொறியாளர்.
கதவருகே நின்று எழுதியதில்
சாரல் பட்டு மை கொஞ்சம் ஊறிவிட்டது.
எண் தெரிகிறது.