இன்றைக்குப் பாதை பூட்டு

மணிக்கூடு அனுப்பியிருந்தான் தம்பி, ஸ்கார்பரோவிலிருந்து.
கையில் கட்டிவிட்டால் போதுமாம்,
அப்பா நிற்கிற இடம் என் போனில்
நீலப் புள்ளியாய்த் தெரியுமாம்.
மூன்று நாள் தெரிந்தது.
நாலாம் நாள் விடிய
புள்ளி வீட்டிலேயே நின்றது, அசையாமல், நல்ல பிள்ளையாய்.
மணிக்கூடு அரிசி வாளிக்குள்.
அப்பா இல்லை.

எண்பத்திரண்டு வயது. சீனி இல்லை, பிரஷர் இல்லை,
முழங்கால் என்னுடையதைவிடத் திறம்.
"தனிய விடாதேங்கோ,
நடக்கிறதை மறிக்காதேங்கோ"
என்றார் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி டொக்டர்,
ஒரே மூச்சில்.
இரண்டுக்கும் நடுவில் எனக்கு
வேலை இருக்கிறது, ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது,
பெற்றோல் இருந்தால் ஒரு ஸ்கூட்டியும்.

ஒருமுறை படலையைப் பூட்டினேன்.
கத்தவில்லை, ஏனென்று கேட்கவில்லை.
மதிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு
வளவைச் சுற்றத் தொடங்கினார்.
நான் நித்திரையான பிறகும் சுற்றியிருக்கிறார்.
காலையில் பார்த்தால்
கிணற்றடி, வாழையடி, கக்கூஸ் மூலை என்று
மண்ணில் ஒரு ஒற்றையடிப் பாதை.
மதிலில் உரசிய விரல்களில் தோல் இல்லை.
மருந்து போட்டேன்.
பூட்டைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தேன்.
பதினைந்து ரூபா தந்தான்.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலைகள்.
கிணற்றுக்கு வலை.
படலைக் கொளுவியில் ஆட்டு மணி.
சேட்டுக் கொலருக்குள் என் நம்பர்;
மார்க்கரால் எழுதினேன், தோய்க்கத் தோய்க்கக் கரைந்தது,
சிவப்பு நூலால் தைத்தேன்.
மல்லாகம் சந்தி பேக்கரித் தேவகடாட்சம் அண்ணைக்கு,
ஓட்டோ நிரோஜனுக்கு, றெயில் கடவைக்காரருக்கு
ஒவ்வொரு போட்டோ.
"மறிக்க வேண்டாம். கண்டால் ஒரு கோல் மட்டும்."
சொல்ல வெட்கமாய்த்தான் இருந்தது.
கடவைக்காரர் படத்தைத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஆட்டு மணி கேட்டது நாலே காலுக்கு.
சீமெந்துத் தொழிற்சாலையில் அவருக்கு முதல் ஷிப்ட்.
மூடி முப்பது வருடத்துக்கு மேல்.
சங்கு மட்டும் அவருக்கு இன்னும் ஊதுகிறது.
நான் உடுப்பு மாற்றுவதற்குள் பேக்கரியிலிருந்து கோல்:
"பிள்ளை, ஐயா வடக்கால போறார்.
பணிஸ் ஒண்டு குடுத்தனான், வாங்கிக்கொண்டு போறார்."

காங்கேசன்துறை வீதி. லைட் போடாத மணல் லொறிகள்.
எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும்:
முந்திச் சென்றி இருந்த இடம்.
மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும் போய்
இப்போது அங்கே ஒரு போன் கடையின் விளம்பரப் பலகை.
அதற்கு முன்னால் நிற்கிறார்.
ஒரு கையில் பணிஸ்,
மறு கையில் அடையாள அட்டை,
இருட்டைப் பார்த்து நீட்டியபடி.

எத்தனை வருடம் இந்த இடத்தைத் திட்டியிருப்பேன்.
பத்தொன்பது வயதில் என் பையைக் கவிழ்த்துக் கொட்டினது இங்கேதான்.
இன்றைக்கு இது மட்டும்தான்
அப்பாவை லொறிக்குள் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.
நன்றி சொல்ல வாய் வரவில்லை.

முன்னால் போய் நின்றேன்.
அட்டையை வாங்கிப் பார்த்தேன்:
கறுத்த மயிர், நாற்பது வயது, என் மூக்கு.
அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
இந்த இடத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது,
அது மறக்கவில்லை அவருக்கு.

"இண்டைக்குப் பாதை பூட்டு, ஐயா"
என்றேன், என் குரலில்தான், மெல்ல.
"நாளைக்கு வாங்கோ."

தலையை ஆட்டினார். பழகின ஆட்டல்.
திரும்பினார்.

ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நானும் நடந்தேன்,
தண்டவாளப் பக்கத்துச் சுற்றுவழியால்,
அவருக்கு நடை காணவேணும் என்று.
கொஞ்சத் தூரம் போனதும் பணிஸை இரண்டாய்ப் பிய்த்து
பெரிய பாதியை என்னிடம் நீட்டினார்.
"நீரும் வேலைக்கே?
இண்டைக்கு விடமாட்டாங்கள்."